பேட்மின்டன் மைதானத்தில் ஒரு கத்திரிச் செடி

1987 ஜனவரி 23, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு அம்மா எழுந்து வாசலைக் கழுவினாள். மற்ற வீடுகளில் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கள் வீட்டில் கழுவுவதுதான் வழக்கம். அப்பா கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க மோட்டார் கொட்டகைக்குப் போனார். நான் பல் விளக்கிவிட்டு அம்மாவோடு சேர்ந்து கத்திரிக்காய் பறித்தேன். வெளிச்சம் வந்ததும் மண்டிக்காரரின் வேன் சாலையோரம் வந்து நின்றது. மூட்டைகள் ஏறின. மண்டிக்காரர் அப்பாவிடம் பேசினார். அப்பா அவரிடம் பேசினார். அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, வேன் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் பழையது சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

தேதியை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்த திங்கட்கிழமை குடியரசு தினம். அந்த வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் ஆறாம் வகுப்பில் எல்லாரும் கொடிக்குக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தோம். கோந்து வாசனை வகுப்பு முழுக்க இருந்தது. அப்போதுதான் டீச்சர் கேட்டார்: "உங்கள்ல யார் வீட்ல காய்கறி விளையுது?"

நம் வயதுக்காரர்களுக்கு, அதிலும் தாம்பரத்துக்குத் தெற்கே வளர்ந்தவர்களுக்கு, அந்தக் கேள்விக்கு ஏன் உடனே ஒரு கையும் உயரவில்லை என்று விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் நிலம் இருந்தது. ஆனால் பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு மேற்கே மனை போடத் தொடங்கியிருந்த காலம் அது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் 'பிசினஸ்' என்று சொல்லப் பழகியிருந்தோம். நான் கை தூக்கினேன். துணிச்சல் ஒன்றும் இல்லை. பதில் தெரிந்த கேள்விக்குக் கை தூக்கிவிடுகிற பழக்கம் எனக்கு.

டீச்சர் குடியிருந்தது மேற்குத் தாம்பரத்தில் ஒரு காலனியில். அங்கே குடியிருப்போர் சங்கம் பிப்ரவரி முதல் ஞாயிறிலிருந்து ஒரு சந்தை நடத்தப்போவதாகச் சொன்னார். காலனியின் பேட்மின்டன் மைதானத்தில், காலை நேரத்தில் மட்டும். வியாபாரிகளுக்கு இடமில்லை, விளைவிக்கிறவர்களே நேரில் வந்து விற்க வேண்டும். "உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். அப்பாவிடம் சொல்லச் சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் என்று ஏன் சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே சொம்பை மறுபடி மறுபடி தேய்த்தாள்.

இரவு சாப்பாட்டில் அப்பாவிடம் விஷயம் போனது.

"சரக்கு வேணும்னா நம்ம வாசலுக்கு வந்து கேக்கறான். நாம கூடையத் தூக்கிக்கினு போயி தரையில குந்தறதா? ஊரு இன்னா சொல்லும்?" என்றார் அப்பா.

"ஊரு சொல்றத அப்புறம் பாக்கலாம். நான் நட்டது, நான் களை எடுத்தது, நான் பறிச்சது. அத எவ வாங்கறா, எப்பிடி ஆக்கறா, நல்லாக்கீதுன்றாளா நல்லால்லன்றாளா, ஒரு நாளு எனுக்குத் தெரியுமா? வேனு போவுது. அத்தோட சரி."

"அந்தத் துண்டே போவப்போவுது. மாசி பொறந்தா அட்வான்ஸு. அதுக்குள்ள உனுக்கு சந்தை ஒரு கேடா?"

இதை உங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் நெல் நிலம் இருந்தது. கிணற்றை ஒட்டிக் காய்கறி போடுகிற ஒரு துண்டு இருந்தது. நெல் அப்பாவுடையது. கிணற்றங்கரைத் துண்டில் அப்பா மோட்டார் போடுவதோடு சரி, மற்ற எல்லாம் அம்மாதான். மண்டிக்குப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று அந்தத் துண்டை மனைக்குக் கொடுத்துவிட அப்பா முடிவு செய்திருந்தார். புரோக்கர் இரண்டு முறை வந்து காலால் அளந்து பார்த்துவிட்டும் போயிருந்தார்.

அம்மா அப்பாவின் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "சந்தையில எனுக்குன்னு ஒரு எடம் நின்னுட்டா?"

"நின்னா பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"நின்னுட்டா துண்டு இருக்கட்டும். போதுமா? ஆனா என் வண்டிமாடு அங்க வராது. சொல்லிட்டேன்."

இதை அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 31, சனிக்கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வாசலைக்கூடக் கழுவுகிறவள் அம்மா என்று சொன்னேன் அல்லவா? காலனியில் இருப்பவர்கள் ஆபீசர் வீட்டு ஆட்கள், அவர்களுக்கு மண்ணோடு காயைக் கொடுத்தால் என்ன நினைப்பார்கள் என்பது அவளுடைய கவலை. முள்ளங்கியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். அது ட்யூப்லைட் மாதிரி ஆனது. கத்திரிக்காயை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்து, ஒரே அளவுள்ளவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கினாள். முளைக்கீரையின் வேரை ஒட்ட வெட்டி, இலையைத் தண்ணீரில் அலசி, வெள்ளை நூலால் கட்டினாள். கட்டுகள் பூச்செண்டு மாதிரி இருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே வெண்டைக்காய். தாம்பரம் மார்க்கெட்டில் வெண்டைக்காய் வாங்குகிறவர்கள் நுனியை ஒடித்துப் பார்ப்பதை அம்மா கவனித்திருந்தாள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். வருகிறவர்களுக்கு அந்தச் சிரமம் எதற்கு? உட்கார்ந்து எல்லா வெண்டைக்காயின் நுனியையும் அவளே ஒடித்துவிட்டாள். நானும் கூட ஒடித்தேன். பட், பட் என்று அந்தச் சத்தம் இருவருக்கும் பிடித்திருந்தது. ஒடியாதவை மாட்டுத் தொட்டிக்குப் போயின. ஒரு முற்றல்கூட இல்லாத கூடை. அம்மா அதைத் தூர நின்று பார்த்த பார்வை, கல்யாணத்துக்கு அலங்காரம் முடித்த பெண்ணைப் பார்ப்பது போல இருந்தது.

ஞாயிறு முதல் பஸ்ஸில் இருவரும் போனோம். மைதானத்தில் சுண்ணாம்பால் கட்டம் போட்டிருந்தார்கள். ஒரு கட்டம் ஒருவருக்கு. எங்கள் கட்டம் ஓரத்தில், அடிபம்புக்குப் பக்கத்தில். பக்கத்துக் கட்டத்தில் மண்ணிவாக்கத்திலிருந்து வந்த ஒருவர், பூசணிக்காய்களை மண்ணும் கொடியுமாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். தலையில் சிவப்புத் துண்டு, வாயில் வெற்றிலை. சங்கத்தின் செயலாளர் சார் ஓய்வுபெற்ற மனிதர். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. சந்தை தொடங்க ஒரு விசில், முடிக்க ஒரு விசில். அதற்கு முன் ஒரு கட்டு கொத்தமல்லிகூட விற்கக் கூடாது. விசில் ஊதுவதற்குள் அம்மா அடிபம்பில் தண்ணீர் அடித்து முள்ளங்கியை இன்னொரு முறை கழுவிவிட்டாள்.

விசில் ஒலித்தது. காலனிப் பெண்கள் ஒயர் கூடையும் கித்தான் பையுமாக வந்தார்கள். எங்கள் கட்டத்துக்குத்தான் முதலில் வந்தார்கள், பளபளப்பைப் பார்த்து. வந்து நின்றார்கள். பார்த்தார்கள். போய்விட்டார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வெண்டைக்காயைக் கையில் எடுத்து, பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: "இதைப் பாருங்க. எல்லாத்தையும் யாரோ ஒடிச்சுப் பார்த்துட்டு வேண்டாம்னு போட்டிருக்காங்க. கழிச்ச காய்."

"இல்லம்மா," என்றாள் அம்மா. "நான்தான் ஒடிச்சேன். உங்களுக்கு வேல வெக்கக்கூடாதுன்னு."

அந்த அம்மாள் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார். நம்பவில்லை. நீங்களே சொல்லுங்கள், யார் நம்புவார்கள்?

வேரில்லாத கீரையைப் பார்த்து, நேற்றோ முந்தாநாளோ பறித்தது என்றார்கள். ஒரே அளவான கத்திரிக்காயைப் பார்த்து, தோட்டத்தில் இப்படியா காய்க்கும் என்றார்கள். "கொத்தவால்சாவடியில மொத்தமா எடுத்து, கழுவித் தொடைச்சுக் கொண்டு வந்திருக்காங்க" என்று ஒருவர் தம் மனைவியிடம் சொன்னது எங்களுக்கே கேட்டது. பக்கத்தில் பூசணிக்காரரிடம் மண் ஒட்டிய காய்கள் வெட்ட வெட்டப் போய்க்கொண்டிருந்தன.

அவர் எட்டிப் பார்த்து அம்மாவிடமே கேட்டார்: "ஏம்மா, எந்தக் கடையில எடுத்த?"

"கடையில இல்லண்ணா. எங்க கொல்லையில வெளைஞ்சது."

"வெளைஞ்ச காய் இம்மா மினுமினுன்னு கீதா? நானும் நாப்பது வருசமா கத்திரி போட்டவன்தான். எங்கிட்டயேவா?" என்றவர், அம்மா பதில் சொல்வதற்குள் திரும்பிக் குரல் கொடுத்தார்: "சார்! இங்க ஒரு யாவாரி வந்து குந்திக்கினு கீது!"

செயலாளர் சார் வந்தார். கெட்டவர் அல்ல; குரலைக்கூட உயர்த்தவில்லை. காய்களைப் பார்த்தார், கீரையைத் திருப்பிப் பார்த்தார், நுனி இல்லாத வெண்டைக்காயைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நிலம் வந்து பாருங்க சார். பஸ்ஸுல கால் மணி நேரம்" என்றாள் அம்மா.

"நிலத்தை யாரும் காட்டலாம்மா. இது என்னுதுன்னு நானும் எதையாவது காட்டலாம். அதுல விளைஞ்சதுதான் இதுன்னு எப்படித் தெரியும்? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். விளைவிக்கிறவங்களுக்கு மட்டும். ஊரப்பாக்கத்துல இருந்து ஒருத்தர் இடம் கேட்டுக் காத்திருக்கார். அடுத்த ஞாயிறு வரைக்கும் உங்களுக்கு டைம் தர்றேன். விளைவிக்கிறவங்கதான்னு நம்பற மாதிரி ஏதாவது செய்யுங்க. இல்லைன்னா இந்தக் கட்டத்தை அவருக்குக் கொடுத்துடுவேன்."

டீச்சர் வந்து சாரிடம் எங்களைப் பற்றிப் பேசிப் பார்த்தார்; நிலத்தை அவரும் பார்த்ததில்லை என்பதால் எடுபடவில்லை. இரண்டு கட்டு கீரை வாங்கினார். எங்களுக்காக வாங்கினார் என்று எனக்கே தெரிந்தது. மிச்சம் எல்லாம் வீட்டுக்கு வந்தது. பஸ்ஸில் அம்மா வெண்டைக்காய்க் கூடையை மட்டும் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அப்பா கூடைகளைப் பார்த்தார். கேலி செய்வார் என்று பயந்தேன். செய்யவில்லை. "மாட்டுக்குப் போடு" என்று மட்டும் சொன்னார். அது கேலியைவிட மோசமாக இருந்தது.

அந்த வாரம் அம்மா வழக்கம்போல வேலை செய்தாள். ஆனால் புதன்கிழமை வாசலைக் கழுவவில்லை. தெளித்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் உடம்பு சரியில்லையா என்று நான் போய்க் கேட்டேன். "யோசன பண்ணிக்கினு கீறேன்" என்றாள்.

அப்பா நினைத்தால் ஒரு நிமிட வேலை. சந்தைக்கு வந்து, இது என் வீட்டு ஆள், என் நிலம் என்று சொன்னால் போதும். அந்தப் பக்கத்தில் அப்பாவைத் தெரியாதவர்கள் குறைவு. அம்மா கேட்டாள். "நான் அங்க வந்து நின்னு சாட்சி சொல்றதா? கத்திரிக்காய்க்கா?" என்றார் அப்பா. அம்மா மறுபடி கேட்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு. இருட்டு பிரியும் முன்னே கொல்லையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா கத்திரிப் பாத்தியில் நின்றிருந்தாள். இருக்கிற செடிகளிலேயே நன்றாகக் காய்த்த செடி ஒன்றைச் சுற்றி வட்டமாகத் தோண்டிக்கொண்டிருந்தாள். பூவும் பிஞ்சும் காயுமாக நின்ற செடி. காய்கள் அதில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பக்கத்தில் எங்கள் பெரிய அலுமினிய அன்னக்கூடை. உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும், பந்திக்குச் சோறு கொட்டி எடுத்துப் போவார்களே, அது. இப்போது கடைகளில் தேடினாலும் அந்தக் கனத்தில் கிடைப்பதில்லை.

அப்பாவும் சத்தம் கேட்டு வந்துவிட்டார்.

"ஏம்மே! காய்ப்புல கீற செடியப் புடுங்கறியே, பைத்தியமா உனுக்கு?"

அம்மா நிமிரவில்லை. "தை போச்சுன்னா எல்லாச் செடியும் போவத்தான் போவுது. இன்னிக்கு ஒண்ணு போவட்டும்."

அம்மா மண்ணோடு செடியைத் தூக்கி அன்னக்கூடையில் வைத்தாள். வைத்துவிட்டு அதன் இலையை ஒரு முறை தடவினாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். செடிக்காக அழுகிற ஆளா என்று அப்போது எனக்கு வியப்பாக இருந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் விடவில்லை.

"இன்னாம்மா இது, தோப்பையே எத்திக்கினு வர்ற! ஏறாத, ஏறாத!"

"செடிதாண்ணா. ஓரமா வெச்சிக்கறேன்."

"முள்ளு வேற கீது. யார் மேலயாச்சும் குத்திச்சுன்னா நானா பதில் சொல்றது? இதுக்கு டிக்கெட்டு போடணும்."

பின் சீட்டிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "செடிக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டாபா?"

"காய்க்குது இல்ல? வயசுக்கு வந்துச்சு. முழு டிக்கெட்டு!" என்றார் இன்னொருவர்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டரும் சிரித்துவிட்டார். "சரி ஏறு. ஆனா உன் செடி படியில நிக்கக்கூடாது, சொல்லிட்டேன்" என்று விசில் கொடுத்தார். நான் அன்னக்கூடையை இரு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இலைகள் என் முகத்தில் உரசின. பச்சைக் கத்திரி இலையின் அந்தக் காரமான வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றைக்கும் பஸ் குலுங்குகிறது.

அன்று கொண்டுவந்த காய்களை அம்மா கழுவவில்லை. கீரை வேரும் மண்ணுமாக இருந்தது. கத்திரிக்காய் பெரிதும் சிறிதும் கலந்து இருந்தது. வெண்டைக்காய்க்கு நுனி இருந்தது. அடிபம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு முள்ளங்கியின் மீது காய்ந்திருந்த மண்ணை அவள் பார்த்துக்கொண்டே இருந்ததையும், கை தானாகப் போகாமல் இருக்க முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

செடியைக் கட்டத்தின் முன்மூலையில் நிறுத்தினோம். விசிலுக்கு முன்பே கூட்டம் கூடியது. காலனிப் பிள்ளைகளில் பலர் கத்திரிச் செடியைப் பார்த்ததில்லை. ஒரு பையன், "கத்திரிக்காய் மரத்துல காய்க்கும்னு நினைச்சேன்" என்றான். பெரியவர் ஒருவர் காயைத் தொடப்போய், காம்பு முள் குத்தி விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

செயலாளர் சார் வந்தார். செடியைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா செடியை எங்கேயாவது வாங்கியும் வந்திருக்கலாம் இல்லையா? நான் சந்தேகப்படறேன்னு நினைக்காதீங்க. நாளைக்கு ஒரு வியாபாரியும் இதே மாதிரி ஒரு செடியைக் கொண்டுவந்து வெச்சா நான் என்ன சொல்றது?"

அம்மாவின் முகம் வெளுத்தது. வேறு எதையும் அவள் கொண்டுவரவில்லை. ஊரப்பாக்கத்துக்காரர் மைதானத்தின் வாசலில் மூட்டைகளோடு நின்றிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. கட்டம் போனால் துண்டும் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கட்டத்தில் பூசணிக்காயை இறக்கிவிட்டு நிமிர்ந்த பூசணிக்காரர் செடியைப் பார்த்தார்.

"அடப்பாவி!" என்று கத்திவிட்டார். "இன்னா காரியம் பண்ணிக்கீற! காய்ப்புல கீறதப் புடுங்கிட்டியா? பூவு கீது, பிஞ்சு கீது... மனசு எப்பிடிம்மா வந்துச்சு உனுக்கு?"

அம்மா வாடிய இலை ஒன்றை நிமிர்த்திப் பிடித்தாள்.

"தள்ளுங்க, தள்ளுங்க! மேல வுழாதீங்க! தே பாப்பா, வேரு வெயில்ல காயுது பாரு, இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கற!" என்று என்னையும் அதட்டினார். தன் பூசணிக்காய் மூட்டையின் சாக்கை உருவி, அடிபம்பில் நனைத்து ஓடி வந்தார். அன்னக்கூடையில் வேர் வெளியே தெரிந்த பக்கம் ஈரச் சாக்கைச் சுற்றினார். தலைத்துண்டை அவிழ்த்து இரண்டு குச்சிகளில் கட்டி, செடிக்கு மேலே நிழல் போட்டார். அம்மாவும் குனிந்து கையால் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். இருவரும் ஒரே சமயத்தில், சொல்லி வைத்தது போல, மண்ணை விரலால் அழுத்தினார்கள். ஆளுக்கொரு பக்கம். இருவருமே வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"காயப் பறிச்சுடு மொதல்ல. பாரம் தாங்காது" என்றார் அவர்.

"பறிச்சுட்டா இன்னாத்த காட்றது?" என்றாள் அம்மா.

"இன்னாத்த காட்டணும்?"

"நான் யாவாரி இல்லன்னு."

பூசணிக்காரர் நிமிர்ந்தார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். அம்மாவைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், தன் ஈரக் கையைப் பார்த்தார். பிறகு மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"சார்! போன வாரம் நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். இந்தம்மா யாவாரி இல்ல. யாவாரி செடி கொண்டாந்தா, செடி செத்தா இன்னான்னு நிப்பான். இந்தம்மா மூஞ்சியப் பாரு. புள்ளைய ஆஸ்பத்திரில சேத்துட்டு வாசல்ல நிக்கறா மாதிரி கீது!"

செயலாளர் சார் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அம்மா வெட்கப்பட்டுச் செடியின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சார் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். பிறகு ஊரப்பாக்கத்துக்காரரிடம் போய், சுண்ணாம்பு எடுத்துவரச் சொல்லி, மைதானத்தின் மறு ஓரத்தில் அவருக்குப் புதிதாக ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? எங்கள் கட்டத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. எல்லாருக்கும் செடியில் இருக்கிற காய்தான் வேண்டும். "அதுவும் இதுவும் ஒரே பாத்திதாம்மா, கூடையில கீறத எடுத்துக்குங்க" என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போனது. செடியின் காய்களைக் கடைசியில் காலனிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள், ஆளுக்கு ஒன்று. அவர்கள் கோலிக்குண்டு மாதிரி அதை வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

தராசு பிடிப்பது அம்மாவுக்குப் புதிது. எடைக்கல் பக்கத் தட்டு கீழே போனால் பதறிவிடுவாள். காய்ப் பக்கம் நன்றாகத் தாழ்ந்து, தரையைத் தொட்ட பிறகும் இன்னொன்று போடுவாள். "இப்பிடிப் போட்டீன்னா செடிக்குத் தழை மட்டும்தான் மிஞ்சும்" என்றார் பூசணிக்காரர். "நீ உன் பூசணிய பாருண்ணா" என்றாள் அம்மா. வெளி ஆணிடம் அவள் இப்படிக் குரல் கொடுத்துப் பேசியதை அன்றுதான் நான் முதலில் கேட்டேன்.

போன வாரம் வந்த கண்ணாடி அம்மாள் மறுபடி வந்தார். வெண்டைக்காயைக் கையில் எடுத்தார்.

"நான் ஒடிக்கலாமா? இல்ல, நீங்களே ஒடிச்சுத் தர்றீங்களா?"

அம்மா முதலில் சிரித்தாள். பிறகு அந்த அம்மாளும் சிரித்தார். பட்டென்று ஒடிந்தது. ஒரு கிலோ வாங்கினார். அடுத்த வாரத்துக்கும் எடுத்து வைக்கச் சொன்னார். மோர்க்குழம்பு வைப்பாராம், எப்படி வைப்பார் என்று அம்மாவிடம் விலாவாரியாகச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா கடைசிவரை கேட்டாள். அந்த முகத்தை நான் சொல்லி உங்களுக்குக் காட்ட முடியாது.

முடிக்கிற விசிலுக்கு முன்பே கூடைகள் காலி. முள்ளங்கியின் தழையைக்கூட ஒருவர் கேட்டு வாங்கிப்போனார்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். மைதானத்துக்கு எதிரே சாலையில் ஒரு டீக்கடை. தண்ணீர் குடிக்கப் போனபோது, அந்தக் கடையின் தூணில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்தேன். எங்கள் சைக்கிள். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களை வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று கோபம் வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து, நானும் ஒரு குடும்பத்தை நடத்திப் பார்த்த பிறகு, வேறு விதமாகத் தோன்றுகிறது. விரட்டிவிட்டால் அந்தக் கனமான அன்னக்கூடையை அவளால் எப்படித் தனியாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியும் என்று வந்திருக்க வேண்டும். உள்ளே வந்து சாட்சி சொல்ல அவரால் முடியவில்லை. கூடை தூக்க முடியும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களை விரட்டமாட்டார்கள் என்று தெரிந்ததும், நாங்கள் பார்ப்பதற்குள் கிளம்பிவிட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, நாள் முழுக்க அங்கேயே இருந்தவர் போல மோட்டார் கொட்டகையில் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் புரோக்கர் வந்தார், மாசியில் அட்வான்ஸுக்கு நாள் குறிக்க. அப்பா அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். அவர் குடித்து முடித்ததும், "அந்தத் துண்டு இப்ப இல்லப்பா" என்றார்.

"இன்னாங்க திடீர்னு? வேற பார்ட்டி யாராச்சும்...?"

"பார்ட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல. அதுல இருந்து சந்தைக்குக் காய் போவுது."

புரோக்கர் புரியாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா காலி டம்ளரை வாங்கி, அவர் கண் முன்னாலேயே கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. கிழக்கு வெளுக்கும் முன்பே அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பைத் தாண்டி அம்மாவின் துண்டுக்கு வந்தார். எங்கள் நெல் நிலத்தில் அறுவடை முடிந்து தாள் நின்றது. கிணற்றை ஒட்டிய அதன் ஓரத்தைக் காலால் காட்டினார்.

"இத்தையும் சேத்துக்கறியா? இன்னா போடலாம், சொல்லு."

அவர் அம்மாவிடம் அப்படிக் கேட்டு நான் கேட்டதே இல்லை. அம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டே யோசித்தாள்.

"வெண்டக்கா போடுவோம். அப்புறம் கீர, ரெண்டு தினுசு. பூசணி மட்டும் வேணாம். அத அந்தண்ணன் கொண்டாராரு."

அப்பா தலையாட்டினார். முதல் வெட்டு எங்கே விழ வேண்டும் என்று அம்மா விரலை நீட்டினாள். அவர் அங்கே வெட்டினார்.